காருக்கும் ஒரு "டிவைஸ் மேனேஜர்" வேண்டும்!

பழைய கம்ப்யூட்டர் ஒன்றை விலைக்கு வாங்கப் போகிறீர்கள். விற்பவர் "எட்டு ஜிபி ரேம் சார், எஸ்.எஸ்.டி. ஹார்ட் டிஸ்க் சார்" என்கிறார். நீங்கள் நம்பிவிடுவீர்களா? மாட்டீர்கள். கம்ப்யூட்டரை ஆன் செய்து, சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸ் திறந்து, ரேம் எவ்வளவு என்று பார்ப்பீர்கள். டிவைஸ் மேனேஜரைத் திறந்து என்னென்ன கார்டுகள் உள்ளன என்று பார்ப்பீர்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர் என்றால் பென் டிரைவில் சி.பி.யு.-இசட் புரோகிராமைக் கொண்டு போய் இயக்கிப் பார்ப்பீர்கள். பதினைந்தாயிரம் ரூபாய் பொருளுக்கு இத்தனை சோதனை!

அதே நாம், மூன்று நான்கு லட்சம் ரூபாய் கொடுத்துப் பழைய கார் வாங்கும்போது என்ன செய்கிறோம்? பெயிண்ட் பார்க்கிறோம். ஏ.சி. குளிர்கிறதா என்று பார்க்கிறோம். மியூசிக் சிஸ்டத்தில் புளூடூத் இருக்கிறதா என்று கேட்கிறோம். கிலோமீட்டர் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று பார்க்கிறோம். பிரேக்? ஒரு முறை மிதித்துப் பார்த்து, "பிரேக் நல்லா இருக்கு" என்று சொல்லிவிடுகிறோம். அந்த பிரேக்குக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறதா, இல்லையா, இருந்தால் வேலை செய்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

கம்ப்யூட்டர் பத்திரிகையில் கார் எதற்கு என்று கேட்பீர்கள். ஏ.பி.எஸ். என்பது ஒரு கம்ப்யூட்டர்தான். சென்சார், புரோகிராம், வெளியீடு எல்லாம் அதில் உண்டு. அது இருக்கிறதா என்று தெரியாமல் ஒரு மழைநாளில் மலை இறங்கிய அனுபவம் எனக்கு உண்டு. அதனால்தான் இந்தக் கட்டுரை.

குப்பனூர் சாலையில் ஒரு மாலை

சேலத்திலிருந்து ஏற்காடு செல்ல இரண்டு வழிகள் உள்ளன என்பது நம் வாசகர்கள் பலருக்குத் தெரியும். ஒன்று, கோரிமேடு, அடிவாரம் வழியாக 20 கொண்டை ஊசி வளைவுகளுடன் ஏறும் முக்கியச் சாலை. மற்றொன்று, அயோத்தியாப்பட்டணம் பக்கம் குப்பனூரிலிருந்து கொட்டச்சேடு வழியாக ஏறும் சாலை. கோடை விழாக் காலத்தில் நெரிசலைக் குறைக்க, அடிவாரம் வழியாக ஏறி, குப்பனூர் வழியாக இறங்கும்படி வண்டிகளைத் திருப்பிவிடுவார்கள். எனவே ஊரறியாதவர்கள்கூட இந்தச் சாலையில் இறங்க நேரிடும்.

என் மைத்துனர் சேலத்தில் ஒரு பழைய கார் வாங்கினார். 2014-ஆம் ஆண்டு தயாரிப்பு. சின்ன கார்தான். பின்பக்கத்தில் டாப் எண்ட் மாடலின் எழுத்துகள். பளபளக்கும் அலாய் வீல். விற்றவர், "ஃபுல் ஆப்ஷன் வண்டிங்க. ஏ.பி.எஸ்., ஏர்பேக் எல்லாம் இருக்குதுங்க" என்றார். மைத்துனர் என்னிடம், "மாமா, நீங்க கம்ப்யூட்டர் ஆளு, ஒரு தடவை பாருங்க" என்றார். நானும் பார்த்தேன். எதைப் பார்த்தேன்? ஸ்டீரியோவில் யு.எஸ்.பி. போர்ட் இருக்கிறதா என்று பார்த்தேன்!

அந்த ஆண்டு ஐப்பசியில் குடும்பத்தோடு ஏற்காடு போய்விட்டு, மாலையில் குப்பனூர் வழியாக இறங்கினோம். லேசான தூறல். சில்வர் ஓக் மரத்து இலைகள் ரோட்டில் ஒட்டிக் கிடந்தன. கொட்டச்சேடு தாண்டி ஒரு வளைவில் எதிரே ஒரு சரக்கு வேன் நடு ரோட்டில் ஏறி வந்தது. மைத்துனர் பிரேக்கை அழுத்தி மிதித்தார். ஸ்டீயரிங்கை இடப்பக்கம் திருப்பினார். கார் திரும்பவில்லை. சக்கரம் நின்றுவிட்டது, கார் நிற்கவில்லை. நேராக வழுக்கிக்கொண்டே போய், வேனை ஒரு முழ இடைவெளியில் தவறவிட்டு, ஓரக் கல்லில் மோதி நின்றது. பின் சீட்டில் குழந்தைகள். ஐந்து நிமிடம் யாரும் பேசவில்லை.

மறுநாள் எங்கள் ஊர் மெக்கானிக் பானட்டைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுல ஏ.பி.எஸ்ஸே கிடையாதுங்க. இது நடு வேரியண்ட். யாரோ பின்னாடி எழுத்த மாத்தி ஒட்டியிருக்காங்க." அவர் அதைக் கண்டுபிடிக்க எடுத்துக்கொண்ட நேரம் ஒரு நிமிடம்கூட இல்லை. அந்த ஒரு நிமிடச் சோதனையை வாங்கும் முன்பு நாங்கள் செய்யவில்லை. விற்றவரைக் குறை சொல்வதற்கு முன், என்னையே நான் குறை சொல்லிக்கொள்ள வேண்டும்.

எந்தப் பெயர் எதைக் குறிக்கிறது?

விளம்பரங்களில் பல எழுத்துகள் கலந்து கிடக்கும். அவற்றைப் பிரித்துப் பார்த்துவிடலாம்.

ஏ.பி.எஸ்.: ஆன்ட்டி லாக் பிரேக்கிங் சிஸ்டம். ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் ஒரு வேக சென்சார் இருக்கும். பிரேக் மிதிக்கும்போது ஒரு சக்கரம் மட்டும் திடீரென்று நிற்கப் போவது தெரிந்தால், கண்ட்ரோல் யூனிட் அந்தச் சக்கரத்துக்குப் போகும் பிரேக் ஆயில் அழுத்தத்தைக் குறைத்து, மீண்டும் கூட்டும். ஒரு விநாடிக்குள் இதைப் பல முறை செய்திடும். சக்கரம் உருண்டுகொண்டே இருப்பதால் ஸ்டீயரிங் சொன்னபடி கேட்கும். நின்றுபோன முன் சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் கார் திரும்பாது. எங்களுக்கு நடந்தது அதுதான். பாஷ் நிறுவனம் தயாரித்த எலெக்ட்ரானிக் ஏ.பி.எஸ். 1978-ல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் காரில் வந்தது.

இ.பி.டி.: முன், பின் சக்கரங்களுக்கு பிரேக் விசையைப் பங்கிட்டுத் தருவது. ஏ.பி.எஸ். சாதனத்திலேயே இயங்கும் கூடுதல் புரோகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டிராக்ஷன் கண்ட்ரோல்: ஏ.பி.எஸ். நிற்கும்போது சறுக்காமல் பார்த்துக்கொள்கிறது. இது புறப்படும்போதும் ஏறும்போதும் சக்கரம் வெறுமனே சுழலாமல் பார்த்துக்கொள்கிறது. ஈரமான கொண்டை ஊசி வளைவில் முதல் கியரில் ஏறும்போது உள்பக்கச் சக்கரம் "சர்ர்" என்று சுழலும் அல்லவா? அப்போது எஞ்சின் விசையைக் குறைத்தோ, அந்தச் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்தோ சரி செய்திடும்.

இ.எஸ்.சி. அல்லது இ.எஸ்.பி.: எலெக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல். மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் மேலதிகாரி இதுதான். ஸ்டீயரிங் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, கார் உண்மையில் எந்தப் பக்கம் போகிறது என்று இரண்டையும் ஒப்பிடும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால், தேவையான ஒரு சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து காரை வழிக்குக் கொண்டுவரும். 1995-ல் மெர்சிடிஸ் காரில் வந்த இதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது 1997-ல் நடந்த ஒரு விபத்து. ஸ்வீடனில் ஒரு பத்திரிகை நடத்திய சோதனையில் புதிய மெர்சிடிஸ் ஏ கிளாஸ் கார் கவிழ்ந்துவிட்டது. அதன் பிறகு அந்த நிறுவனம் அந்த மாடல் முழுவதற்கும் இ.எஸ்.பி.யைக் கட்டாயமாகப் பொருத்தியது.

ஹில் ஹோல்ட்: ஏற்றத்தில் பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் இரண்டு விநாடி அளவுக்குக் கார் பின்னால் உருளாமல் பிடித்துக்கொள்ளும். பெரும்பாலும் இ.எஸ்.சி. உள்ள கார்களில்தான் இது இருக்கும். எனவே ஹில் ஹோல்ட் இருந்தால் இ.எஸ்.சி.யும் இருக்க வாய்ப்பு அதிகம்.

இவை எதுவும் இல்லாமல் "நாலு வீலும் டிஸ்க்" என்று மட்டும் சொன்னால் ஏமாற வேண்டாம். டிஸ்க் பிரேக் என்பது ஹார்டுவேர். ஏ.பி.எஸ். வேறு. ஒன்று இருப்பதால் மற்றொன்று இருக்கும் என்று பொருள் இல்லை.

குழப்பம் ஏன் வந்தது?

நம் நாட்டில் புதிய கார் மாடல்களுக்கு 2018 ஏப்ரல் முதலும், ஏற்கனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2019 ஏப்ரல் முதலும் ஏ.பி.எஸ். கட்டாயம் ஆக்கப்பட்டது. அதற்கு முன் அது கம்பெனியின் விருப்பம், உங்கள் பணத்தின் விருப்பம். ஒரே மாடலில் ஒரு வேரியண்டில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. மாருதி ஸ்விஃப்ட் 2005-ல் வந்தபோது வி.எக்ஸ்.ஐ. என்று ஒன்றும், ஏ.பி.எஸ். சேர்த்த வி.எக்ஸ்.ஐ. என்று தனியாக ஒன்றும் விற்றார்கள். வெளியே பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி போல இருக்கும்.

பதிவுச் சான்று 15 ஆண்டுகள் செல்லும், பிறகும் புதுப்பிக்கலாம். ஆகவே 2010 முதல் 2019 வரை வந்த கார்கள் இன்னும் பல ஆண்டுகள் நம் சாலைகளில் ஓடப் போகின்றன. பழைய கார் சந்தையில் நடுத்தரக் குடும்பங்கள் தேடுவதும் இந்தக் கார்களைத்தான். குழப்பம் உள்ள காலமும் இதுதான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பதிவு செய்த தேதி வேறு, தயாரித்த தேதி வேறு. 2019-ல் பதிவானது என்பதற்காக ஏ.பி.எஸ். இருக்கும் என்று முடிவு கட்ட வேண்டாம். தயாரிப்பு மாதம் பதிவுச் சான்றில் இருக்கும், அதைப் பாருங்கள்.

இ.எஸ்.சி. நிலைமை இன்னும் மோசம். அமெரிக்காவில் 2012 மாடல் ஆண்டு முதலும், ஐரோப்பாவில் 2014 நவம்பர் முதலும் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயம். இங்கே 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் சோதனையில் மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் வாங்க இ.எஸ்.சி. வேண்டும் என்ற விதி வந்தது. எனவே பழைய சின்ன கார்களில் இது இருந்தால் அதிர்ஷ்டம் என்றுதான் எண்ண வேண்டும்.

எப்படிக் கண்டறிவது?

கீழே தரப்பட்டுள்ள சோதனைகளை வரிசையாகச் செய்து பாருங்கள். எந்த ஒன்றை மட்டும் நம்பியும் முடிவு செய்ய வேண்டாம்.

1. எழுத்தை நம்பாதீர்கள்: பின்பக்க வேரியண்ட் எழுத்து கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக். பதிவுச் சான்றிலும், எம்பரிவாகன் அப்ளிகேஷனிலும் மாடல் என்ற இடத்தில் பல சமயம் வேரியண்ட் பெயர் இருக்கும். பின்பக்க எழுத்தும் இதுவும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் அங்கேயே எச்சரிக்கை மணி அடித்துவிட்டது.

2. சேஸிஸ் எண்: 17 எழுத்துகளும் எண்களும் கொண்டது. அதிலிருந்து தயாரிப்பாளரை அறியலாம். மாருதி என்றால் எம்.ஏ.3, ஹூண்டாய் என்றால் எம்.ஏ.எல்., டாட்டா என்றால் எம்.ஏ.டி. என்று தொடங்கும். ஆனால் இதைப் படித்து ஏ.பி.எஸ். உண்டா என்று நீங்களே கண்டுபிடிப்பது கடினம். அந்தக் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள். ஃபேக்டரியிலிருந்து எந்த வேரியண்டாக வெளிவந்தது என்பது அவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கும்.

3. கையேடு காட்டிக்கொடுக்காது: விற்பவர் ஓனர்ஸ் மேனுவலைத் திறந்து, "இதோ பாருங்க, ஏ.பி.எஸ். பத்தி ரெண்டு பக்கம் போட்டிருக்கு" என்பார். எல்லா வேரியண்டுக்கும் ஒரே கையேடுதான். மூலையில் "இருந்தால்" என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். மதர்போர்டு மேனுவலில் நான்கு மாடல்களுக்குச் சேர்த்து எழுதியிருப்பார்களே, அதே கதை. ஃபியூஸ் பாக்ஸ் மூடியில் உள்ள படமும் இப்படித்தான். படத்தில் ஏ.பி.எஸ். என்று இருக்கும், மூடிக்குக் கீழே அந்த இடம் காலியாக இருக்கும். படத்தைப் பார்க்காமல் ஃபியூஸ் இருக்கிறதா என்று பாருங்கள்.

4. பானட்டைத் திறங்கள்: எங்கள் மெக்கானிக் செய்தது இதுதான். பிரேக் ஆயில் டப்பாவுக்குக் கீழே மாஸ்டர் சிலிண்டர் இருக்கும். அதிலிருந்து கிளம்பும் மெல்லிய உலோகக் குழாய்களைக் கண்ணால் தொடருங்கள். ஏ.பி.எஸ். உள்ள கார் என்றால் அவை ஒரு சிறிய அலுமினியப் பெட்டிக்குள் போகும். அதிலிருந்து நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனிக் குழாய்கள் வெளிவரும். பக்கத்தில் பெரிய வயர் சாக்கெட் ஒன்று செருகியிருக்கும். இந்தப் பெட்டி இல்லை என்றால் ஏ.பி.எஸ். இல்லை. அவ்வளவுதான்.

5. சக்கரத்தின் உள்பக்கம்: முன் சக்கரத்தை முழுவதும் ஒரு பக்கம் திருப்பிவிட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். பிரேக் ஹோஸ் தவிர ஒரு மெல்லிய மின் வயர் ஹப் பக்கம் போனால் அது வேக சென்சார். அறுந்தோ டேப் சுற்றியோ இருந்தால் விலை பேசுவதற்கு முன் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

6. விளக்குச் சோதனை: இது கம்ப்யூட்டரில் பவர் ஆன் செல்ஃப் டெஸ்ட் போன்றது. எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்புங்கள். டேஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் ஏ.பி.எஸ். விளக்கு எரிந்து, பெரும்பாலான கார்களில் சில விநாடிகளில் தானே அணைந்திட வேண்டும். எரியவே இல்லை என்றால், ஏ.பி.எஸ். இல்லை, அல்லது இருந்தும் பழுதாகி விளக்கை யாரோ எடுத்துவிட்டார்கள். அணையவே இல்லை என்றால் பழுது. இதில் ஒரு தந்திரமும் உண்டு. பழுதான ஏ.பி.எஸ். விளக்கின் வயரை ஆயில் விளக்கோடு சேர்த்துவிடுவார்கள். அப்போது ஸ்டார்ட் செய்ததும் இரண்டும் ஒன்றாக அணையும், நீங்களும் நம்பிவிடுவீர்கள். எனவே ஸ்டார்ட் செய்யாமல் காத்திருங்கள். ஆயில் விளக்கும் பேட்டரி விளக்கும் எரிந்துகொண்டே இருக்க, ஏ.பி.எஸ். விளக்கு மட்டும் முதலில் அணைந்தால் நல்லது. எல்லாம் ஒன்றாக அணைந்தால் மெக்கானிக்கை வைத்து வயரைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

மஞ்சள் ஏ.பி.எஸ். விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்திடும், ஏ.பி.எஸ். மட்டும் இருக்காது. ஹேண்ட் பிரேக் போடாத நிலையில் சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால், அந்தக் காரில் டெஸ்ட் டிரைவே போக வேண்டாம்.

7. இ.எஸ்.சி.க்கு அடையாளம்: கார் ஒன்று வளைந்த கோடுகள் விட்டுக்கொண்டு சறுக்குவது போன்ற மஞ்சள் படம். இதுவும் சாவி போட்டதும் எரிந்து அணையும். பல கார்களில் இதே படத்துடன் "ஆஃப்" என்ற பட்டனும் ஸ்டீயரிங் அருகில் இருக்கும். அந்த இடத்தில் வெறும் பிளாஸ்டிக் மூடி இருந்தால், டாப் வேரியண்டுக்காக விட்ட இடம் என்று புரிந்துகொள்ளலாம்.

8. ஓட்டிப் பார்ப்பது: ஆள் இல்லாத, சமதளமான, பின்னால் வண்டி வராத இடத்தில் மட்டும் செய்யுங்கள். சற்று ஈரமான அல்லது மண் படிந்த தரையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் போய், பிரேக்கை முழுவதும் அழுத்துங்கள். காலுக்கு அடியில் பெடல் "டர்ர்ர்" என்று அதிர்ந்தால் ஏ.பி.எஸ். வேலை செய்கிறது. சக்கரம் நின்று கோடு போட்டுக்கொண்டு சறுக்கினால் இல்லை. மலைப்பாதையில் இந்தச் சோதனை கூடவே கூடாது.

டாங்கிள் தரும் தவறான நம்பிக்கை

நம் வாசகர்கள் பலர் கையில் இ.எல்.எம். 327 என்ற புளூடூத் டாங்கிள் இருக்கும். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓ.பி.டி. சாக்கெட்டில் செருகி, மொபைலில் டார்க் போன்ற ஆப் மூலம் காரின் விவரங்களைப் படிக்கலாம். நல்ல கருவிதான். 2013 ஏப்ரல் முதல் நம் நாட்டுக் கார்களில் ஓ.பி.டி.-2 முறை கட்டாயம் என்பதால் அதன் பின் வந்த கார்களில் இது பயன்படும்.

ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பழுதுக் குறியீடுகள் நான்கு வகை. பி.யில் தொடங்குபவற்றில் ஆங்கில "P" ஒலிக்கு எஞ்சின், கியர் தொடர்பானவையும், "B" ஒலிக்கு பாடி தொடர்பானவையும் அடங்கும். யு. என்றால் கம்ப்யூட்டர்களுக்கு இடையிலான நெட்வொர்க். சி. என்றால் சேஸிஸ், அதாவது பிரேக், ஸ்டீயரிங் போன்றவை. எடுத்துக்காட்டாக, சி0035 என்பது இடப்பக்க முன் சக்கர வேக சென்சார் பழுதைக் குறிக்கும். விலை குறைந்த டாங்கிளும் பொதுவான ஆப்பும் எஞ்சின் கம்ப்யூட்டரை மட்டுமே கேட்கும். ஏ.பி.எஸ். என்பது தனி கம்ப்யூட்டர். அதனிடம் பேசுவதற்கு ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி முறை உண்டு. எனவே உங்கள் மொபைலில் "பழுது எதுவும் இல்லை" என்று பச்சை எழுத்து வந்தால், எஞ்சினில் பழுது இல்லை என்று மட்டுமே பொருள். பிரிண்டர் வேலை செய்கிறதா என்று கீபோர்டைத் தட்டிப் பார்த்த கதை ஆகிவிடும். ஏ.பி.எஸ்.ஸையும் படிக்கும் ஸ்கேனர் உள்ள ஒர்க்‌ஷாப்பில் காட்டுவதே சரி. ஸ்கேனர் ஏ.பி.எஸ். யூனிட்டைக் கண்டுபிடித்தாலே அது காரில் உள்ளது என்பது உறுதியாகிவிடும். நம் டிவைஸ் மேனேஜருக்கு மிக நெருக்கமானது இதுதான்.

இல்லை என்று தெரிந்துவிட்டது. பிறகு?

வாங்கக் கூடாது என்று சொல்லமாட்டேன். நம்மில் பலருக்கு அந்த வசதி இல்லாத கார்தான் கைக்கு எட்டும். ஆனால் இல்லாததற்கு உரிய விலையில் வாங்குங்கள், இல்லை என்று தெரிந்து ஓட்டுங்கள். பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். இது காலி ஸ்லாட்டில் செருகும் ரேம் அல்ல.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். ஏ.பி.எஸ். இருந்துவிட்டால் மலை நம்மை ஒன்றும் செய்யாது என்று எண்ணுவது அதைவிட ஆபத்து. ஆயிரம் கிலோ எடையுள்ள கார் ஆயிரம் மீட்டர் உயரம் இறங்கினால், வெளியேற வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ இரண்டே முக்கால் யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியை இரண்டே முக்கால் மணி நேரம் எரியவிட்ட சூடு. ஏற்காட்டிலிருந்து இறங்கும் உயரம் அதற்கும் அதிகம். நியூட்ரலில் போட்டு பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அந்தச் சூட்டில் பெரும்பகுதி பிரேக்கில்தான் சேரும். லைனிங் பிடிப்பை இழக்கும். நாள்பட்ட பிரேக் ஆயிலில் ஈரம் சேர்ந்திருந்தால் அது கொதித்து, பெடல் அடிவரை போய்விடும். அந்த நேரத்தில் எந்தக் கம்ப்யூட்டரும் உதவாது. ஏறிய கியரிலேயே இறங்குங்கள் என்று பெரியவர்கள் சொன்னது இதனால்தான். பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள். டயர் பட்டன் தேய்ந்துவிட்டால் ஏ.பி.எஸ்.ஸும் இ.எஸ்.சி.யும் பிடிமானத்தை உருவாக்கித் தரமாட்டா. இருப்பதைத்தான் பங்கிட்டுத் தரும்.

2024 ஏப்ரல் 30 அன்று ஏற்காட்டிலிருந்து இறங்கிய தனியார் பஸ் கவிழ்ந்து பயணிகள் உயிரிழந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதே ஆண்டு டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தது. இந்த மலை தவறுக்கு இடம் தருவதில்லை.

என் கருத்து

எட்டு சோதனைகளைச் சொல்லிவிட்டேன். ஆனால் ஒரு எளிய கேள்விக்கு விடை காண எட்டு சோதனை எதற்கு? கார் ஃபேக்டரியை விட்டு வெளிவரும் நாளிலேயே அதில் ஏ.பி.எஸ். உண்டா இல்லையா என்பது கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. முதல் பதிவுக்குக் கம்பெனி தரும் படிவம் 22-ல் புகை அளவும் இரைச்சல் அளவும் எழுதப்படுகின்றன. வண்டியின் நிறம், எடை, சீட் எண்ணிக்கை எல்லாம் பரிவாகன் தகவல் தொகுப்பில் இருக்கின்றன. "ஏ.பி.எஸ்.: உண்டு / இல்லை", "இ.எஸ்.சி.: உண்டு / இல்லை", "ஏர்பேக்: எத்தனை" என்று மூன்று வரிகள் சேர்த்தால் என்ன? டேட்டாபேஸில் மூன்று புதிய ஃபீல்டுகள், அவ்வளவுதான். நம் பிளஸ் டூ மாணவர்களே இதைச் செய்துவிடுவார்கள்.

"பழைய வண்டிகளுக்கு யார் விவரம் தருவது?" என்று கேட்கலாம். சேஸிஸ் எண் வாரியாகக் கம்பெனிகளிடம் பட்டியல் இருக்கிறது. உதிரிப் பாகம் விற்பதற்கு அது தேவை என்பதால் அழித்திருக்க மாட்டார்கள். "ஃபேக்டரியில் இருந்ததைச் சொல்லலாம், இப்போது வேலை செய்கிறதா என்று எப்படிச் சொல்வது?" என்ற கேள்வி நியாயமானது. அதற்கு மெக்கானிக்தான் வேண்டும். ஆனால் இல்லாத ஒன்றை இருக்கிறது என்று சொல்லி விற்பதாவது நிற்கும் அல்லவா? பாரத் என்கேப் சோதனையில் நட்சத்திரம் வாங்கிய புதிய கார்களுக்குக் கியூ.ஆர். குறியீடு உள்ள ஸ்டிக்கர் வந்துவிட்டது. புதுக் கார் வாங்கும் வசதி உள்ளவருக்குக் கிடைக்கும் தகவல், பழைய கார் வாங்குபவருக்கும் கிடைக்க வேண்டும். அவருக்குத்தான் அது அதிகம் தேவை.

பழைய கார் விளம்பரம் வெளியிடும் இணையதளங்களும் அரசுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சன் ரூஃப் உண்டா என்று ஃபில்டர் வைக்கத் தெரிந்தவர்களுக்கு, சோதித்துப் பார்த்த ஏ.பி.எஸ். உண்டா என்றும் ஒரு ஃபில்டர் வைக்கத் தெரியாதா? "ஃபுல் ஆப்ஷன்" என்ற சொல்லை எடுத்துவிட்டு, என்னென்ன ஆப்ஷன் என்று எழுதச் சொன்னாலே பாதிப் பொய் குறைந்துவிடும்.

அதுவரை நாமே நமக்கு டிவைஸ் மேனேஜர். அடுத்த முறை நீங்களோ, உங்கள் தம்பியோ, பக்கத்து வீட்டுக்காரரோ பழைய கார் பார்க்கப் போகும்போது, ஸ்டீரியோவைத் தொடுவதற்கு முன் பானட்டைத் திறந்து அந்த அலுமினியப் பெட்டியைத் தேடுங்கள். பிறகு சாவியைத் திருப்பி, மஞ்சள் விளக்கு தனியே அணைகிறதா என்று எண்ணுங்கள். ஒரு நிமிடம் போதும்.

மைத்துனர் அந்தக் காரை இன்னும் வைத்திருக்கிறார். பின்பக்க எழுத்தைப் பிய்த்து எடுத்துவிட்டார். குப்பனூர் வழியாகவும் இறங்குகிறார், இரண்டாவது கியரில், மெதுவாக. காரில் என்ன இல்லை என்பது இப்போது அவருக்குத் தெரியும்.